உலக அமைதிக்கு இந்தியா எதை அனுப்ப வேண்டும்? வடசென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

1954 பிப்ரவரியில் கொரியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. அதில், கொரியப் போரின் கைதிகளைக் காவல் காக்கப் போய் நாடு திரும்பிய இந்தியப் படையினரோடு 88 முன்னாள் போர்க் கைதிகளும் இருந்தார்கள். 76 பேர் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம், நடுநிலையான ஒரு நாட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி இந்தியர்களை நம்பிக் கப்பலேறியவர்கள் அவர்கள். 36 வருடம் கழித்து, 1990 மார்ச்சில், இலங்கையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணிகள் இதே துறைமுகத்துக்கு வந்தன. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் எடுத்த நிலை. அவர் செய்தது சரியா தவறா என்று ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வயதானவர்கள் இன்றும் வாதாடுவார்கள்.

இரண்டு முறையும் போனது இந்திய ராணுவம்தான். ஒழுங்கும் பயிற்சியும் உள்ள அதே படை. முடிவுகள் மட்டும் ஏன் இவ்வளவு வேறாக இருந்தன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் இன்றைய விவாதத்துக்குள் போக முடியாது என்று நினைக்கிறேன்.

இன்றைய விவாதம் இதுதான். உலகிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட நாடு, பொருளாதாரத்தில் முன்வரிசை, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் கேட்டுப் பல வருடங்களாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் நாடு. அப்படிப்பட்ட இந்தியா உலக அமைதிக்கு எந்த வழியில் பங்களிக்க வேண்டும்? நான் போகிற படிப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை அடிக்கடி பேசுகிறார்கள். தேர்வில் கட்டுரையாகக் கேட்பார்கள் என்பதற்காகத் தொடங்கும் பேச்சு, ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் வேறு மாதிரி சூடாகிவிடும்.

அவர்கள் பேச்சிலிருந்து ஐந்து வழிகளைப் பிரித்தெடுக்கலாம். இப்போது போலவே பெரிய படைப்பிரிவுகளை ஐ.நா.வுக்கு அனுப்புவது, ஆளுக்குப் பதிலாகப் பணம் கொடுப்பது, ஐ.நா. இல்லாமல் தனியாகவோ கூட்டாளிகளோடோ போவது. நிரந்தர இடம் கிடைக்கும்வரை விலகி நிற்பது. கடைசியாக, சண்டைப் படையைக் குறைத்துக்கொண்டு மருத்துவம், பொறியியல், காவல் பணி, பயிற்சி ஆகியவற்றைப் பெரிதாக அனுப்புவது. ஒவ்வொன்றையும் எடை போட நான் வைத்திருக்கும் கேள்விகள் மூன்று. போகிற இடத்து மக்களுக்கு நல்லது நடக்கிறதா? நம் வீரர்களின் உயிரை ஒரு நியாயமான காரணத்துக்காகத்தான் பணயம் வைக்கிறோமா? உலக மேடையில் நம் குரல் கூடுகிறதா? என் கணக்கில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். மூன்றாவதுக்குக் குறைவு.

பட்டாலியன்களை அனுப்பும் வழி

இதுவரை 2,90,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 50-க்கும் அதிகமான ஐ.நா. அமைதிப் பணிகளில் இருந்திருக்கிறார்கள். மொத்தக் கணக்கில் வேறு எந்த நாடும் இவ்வளவு பேரை அனுப்பியதில்லை. சுமார் 180 பேர் உயிரோடு திரும்பவில்லை. அதிலும் நம் இழப்புதான் பெரியது. காங்கோ, தெற்கு சூடான், லெபனான், கோலான் குன்றுகள் என்று இப்போதும் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

இந்த வழிக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது காங்கோ. 1960-இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற கையோடு அந்த நாடு சிதறத் தொடங்கியது. தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அதற்குப் பின்னால் சுரங்க நிறுவனத்தின் பணமும் வெளிநாட்டுக் கூலிப்படையும் இருந்தன. ஐ.நா. கேட்டுக்கொண்டதன் பேரில் நேரு ஒரு முழு பிரிகேடை அனுப்பினார். 1961 டிசம்பர் 5-ஆம் தேதி எலிசபெத்வில் நகரில் சாலையை மறித்து நின்ற கட்டாங்கா படையை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய எண்ணிக்கையை, சிறிய கூர்க்கா அணியோடு தாக்கி உயிர்விட்டார் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. ஐ.நா. பணியில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். அந்தப் பணியில் 39 இந்தியர்கள் இறந்தார்கள். 1963 தொடக்கத்தில் கட்டாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டைத் துண்டாட விடக்கூடாது என்று இன்னொரு புதிய நாடு தன் பிள்ளைகளைக் கொடுத்தது. இதை வெறும் அந்தஸ்துக் கணக்கில் எழுதினால் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சியரா லியோனில் 2000-ஆம் ஆண்டு கிளர்ச்சிப் படையினர் கைலாஹுன் என்ற இடத்தில் 200-க்கும் மேற்பட்ட ஐ.நா. வீரர்களை இரண்டு மாதத்துக்கு மேல் சுற்றி வளைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' நடத்தி அவர்களை மீட்டார்கள். படை நடவடிக்கையாக அது அருமையான வெற்றி. ஆனால் அதே வருடம் அங்கே ஐ.நா. படைத் தளபதியாக இருந்த இந்திய மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லிக்கும் அதே படையில் இருந்த நைஜீரியத் தரப்புக்கும் மோதல் முற்றி, இந்தியா தன் படையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. களத்தில் ஜெயித்தும் அரசியலில் நம் சொல் எடுபடவில்லை.

காங்கோவின் பிந்தைய வரலாறு இன்னும் வேதனையானது. 2012 நவம்பரில் எம்23 கிளர்ச்சிப் படை கோமா நகரைப் பிடித்தபோது ஐ.நா. படை அங்கேயே இருந்தது; தடுக்கவில்லை. 2025 ஜனவரியில் அதே நகரம் அதே எம்23-இடம் மறுபடி விழுந்தது. நடுவில் 2022 ஜூலையில், ஐ.நா. எங்களைக் காப்பாற்றவில்லை என்று கொதித்தெழுந்த கூட்டம் புடெம்போவில் ஐ.நா. முகாமைத் தாக்கியதில் எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த இருவர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் உத்தரவுப்படி காவல் நின்ற மனிதர்கள். கூட்டத்தின் கோபமும் பொய்யான கோபம் இல்லை. காங்கோவில் நம் படையினர் சிலர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்து, ராணுவமே விசாரணை நடத்த வேண்டிய நிலையும் வந்தது. பெருமைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. துப்பாக்கியோடு நிற்கும் வெளிநாட்டுக்காரனை நம்பிக் குடிசைக்குள் படுத்துத் தூங்கும் பெண்ணுக்கு, நாம் அனுப்பிய 180 சவப்பெட்டிகளின் கணக்கு ஆறுதல் ஆகாது.

இந்த வழியின் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். எங்கே போக வேண்டும், போய் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானிக்கிறது. செலவில் பெரும்பகுதியைப் பணக்கார நாடுகள் கொடுக்கின்றன. உயிரைக் கொடுப்பது இந்தியா, நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, பாகிஸ்தான் மாதிரியான நாடுகள். எழுதுகிறவர் ஒருவர், சாகிறவர் இன்னொருவர் என்கிற இந்த ஏற்பாடு பல வருடமாக மாறவே இல்லை.

நிரந்தர இடம் என்ற கணக்கு

படிப்பகத்துப் பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில் ஒரு வாதம் வைப்பார்கள். 'இவ்வளவு பேரை அனுப்பினால்தானே சார் நிரந்தர இடம் கிடைக்கும்?' கிடைக்காது என்பதுதான் என் பதில்.

ஐ.நா. சாசனத்தின் 108-ஆவது பிரிவைப் பாருங்கள். புதிய நிரந்தர உறுப்பினரைச் சேர்க்கச் சாசனத்தையே திருத்த வேண்டும். அதற்குப் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு அதே அளவு நாடுகள் முறைப்படி ஏற்க வேண்டும். அதில் இப்போதைய ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். சீனா ஒன்று ஒப்புக்கொள்ளாவிட்டால் போதும், கதை முடிந்தது. இந்தியா ஒரு லட்சம் வீரர்களை அனுப்பினாலும் அந்தக் கையெழுத்து தானாக வராது.

பிரேசிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. 2004 முதல் 2017 வரை ஹைட்டியில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியது. இந்தியாவோடு சேர்ந்து நிரந்தர இடம் கேட்கும் நான்கு நாடுகளில் அதுவும் ஒன்று. 13 வருட உழைப்புக்குப் பிறகும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஹைட்டி மக்களுக்கு மிஞ்சியது என்ன? 2010-இல் ஐ.நா. முகாமின் கழிவுநீர் ஆற்றில் கலந்து பரவிய காலராவில் கிட்டத்தட்ட 10,000 பேர் செத்துப்போனார்கள். அதில் தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ளவே 2016 ஆயிற்று.

ஆனால் படை அனுப்புவதால் குரலே கூடவில்லை என்றும் சொல்ல முடியாது. சாசனத்தின் 23-ஆவது பிரிவு, இரண்டு வருடத் தற்காலிக இடங்களுக்கு நாடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது உலக அமைதிக்கு அவை செய்த பங்களிப்பைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 2020-இல் இந்தியா 192 வாக்குகளில் 184 வாங்கி எட்டாவது முறையாக கவுன்சிலுக்குள் போனது. ஆப்பிரிக்க நாடுகளிடம் நமக்கு இருக்கும் நல்ல பெயருக்கு அங்கே போய் வேலை செய்தவர்களும் ஒரு காரணம். அந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து வீரர்களை அனுப்பினால், அது அவர்களுக்கும் நியாயமில்லை, போகிற இடத்துக்கும் நியாயமில்லை.

பணம் கொடுக்கும் வழி, விலகி நிற்கும் வழி

இவை இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடலாம்.

1991 வளைகுடாப் போருக்கு ஜப்பான் 13 பில்லியன் டாலர் கொடுத்தது. ஆள் அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் நன்றி சொல்லி வெளியிட்ட விளம்பரத்தில் ஜப்பானின் பெயரே இல்லை. அந்த அவமானம்தான் 1992-இல் அமைதிப் பணிக்கு ஆள் அனுப்பச் சட்டம் இயற்ற ஜப்பானைத் தள்ளியது. சீனா வேறு மாதிரி. பணமும் ஆளும் சேர்த்துக் கொடுக்கிறது. ஐ.நா. அமைதிப் பணிச் செலவில் கிட்டத்தட்ட கால் பங்கு இப்போது அதன் தலையில். அதோடு தெற்கு சூடானுக்கு முழு பட்டாலியனும் அனுப்பியிருக்கிறது. இந்தியாவின் பணப் பங்கு அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத அளவு சிறியது. ஏழை நாடுகளுக்கான தள்ளுபடி நமக்கும் உண்டு. வல்லரசு என்று சொல்லிக்கொண்டு அந்தத் தள்ளுபடியை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பணத்தால் மட்டும் சீனாவோடு போட்டி போட நினைப்பது நம்மால் ஆகாத காரியம். எண்ணூரிலும் மணலியிலும் ஆஸ்பத்திரி கேட்டு நிற்கும் மக்களிடம் போய் அந்தச் செலவுக்கு என்னால் நியாயம் சொல்ல முடியாது.

விலகி நிற்கும் வழியைப் பற்றி: இடம் கொடுக்காவிட்டால் ஆள் அனுப்ப மாட்டோம் என்று சொன்னால் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் யாருக்கும் வலிக்காது. நேபாளமும் ருவாண்டாவும் அந்த இடத்தை நிரப்பும். அடிபடப் போவது தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் இந்திய மருத்துவமனை வாசலில் நிற்கும் மக்கள்.

தனியாகப் போகும் வழி

ஐந்தில் இதைத்தான் நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். உடனே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது. ஐ.நா. தீர்மானம் கிடையாது. வெளிப் பார்வையாளர்கள் கிடையாது. ஆயுதம் வைத்திருந்த முக்கியத் தரப்பான விடுதலைப் புலிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. புழல் காவாங்கரை முகாமில் வாழும் ஈழத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: 'மாலை போட்டு வரவேற்றனாங்கள் தம்பி. மூண்டு மாசத்திலை எல்லாம் மாறிப் போச்சுது.' அக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் வெடித்தது. அந்த மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நவம்பரில் இறந்து, பரம் வீர் சக்ரா பெற்றார். திரும்பி வரும்போது சுமார் 1,200 இந்திய வீரர்கள் மடிந்திருந்தார்கள். ஐ.நா. பணிகளில் 70 வருடத்துக்கு மேல் இழந்ததைப் போல ஆறு மடங்குக்கும் மேல், மூன்றே வருடத்தில். தமிழ்ப் பொதுமக்களின் இழப்பு அதையும்விடப் பெரியது. கடைசியில் கூப்பிட்ட அரசே வெளியேறச் சொன்னது. 1989-இல் அதிபராக வந்த பிரேமதாசா கெடு வைத்தார்.

கொரியாவோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 1953-இல் போர் நிறுத்தம் ஆனபோது, நாடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைப் பொறுப்பில் வைத்துக்கொள்ள எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட நாடு இந்தியா. நடுநிலை ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். காவல் படைக்கு மேஜர் ஜெனரல் தோராட். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்திய வீரர்கள் தன் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றார். கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்ப் படையற்ற பகுதியில் இறக்கினார்கள். கைதிகள் கல்லெறிந்தார்கள், கலவரம் செய்தார்கள், காவல் அதிகாரிகளையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தரப்பும் திட்டியது, சீனத் தரப்பும் திட்டியது. ஆனாலும் நம் படை பொறுமையோடு தாக்குப்பிடித்தது. எந்தக் கைதியையும் விருப்பத்துக்கு மாறாக ஒரு பக்கம் தள்ளவில்லை. அங்கே நமக்கு நிலம் வேண்டியதில்லை, எந்தத் தரப்பிலும் நமக்குச் சொந்தக் கணக்கு இல்லை.

காசிமேட்டில் இரண்டு குப்பத்துக்குள் வலைத் தகராறு வந்தால் அதே கடலில் வலை போடாத ஊர்ப் பெரியவர்களைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு கண் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் இந்தியா அந்தப் பக்கத்துக் குப்பம்.

இதிலிருந்து டெல்லி பாடம் படித்தது என்றே நினைக்கிறேன். 2003-இல் ஈராக்கைப் பிடித்த அமெரிக்கா, சுமார் 17,000 பேர் கொண்ட ஒரு முழு டிவிஷனை அனுப்பும்படி இந்தியாவைக் கேட்டது. வாஜ்பாய் அரசுக்குள்ளேயே போகலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவோடு நெருங்க நல்ல வாய்ப்பு என்றார்கள். ஜூலை 14-ஆம் தேதி அரசு மறுத்தது. ஐ.நா.வின் தெளிவான கட்டளை இருந்தால் யோசிப்போம் என்றது. அடுத்து வந்த வருடங்களில் ஈராக் எப்படி எரிந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மறுப்பின் மதிப்பு தெரியும். சுதந்திர இந்தியாவின் வெளியுறவில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக அதைச் சொல்வேன்.

இப்போது அதே மாதிரி கேள்வி காசாவில் எழுகிறது. 2025 நவம்பரில் பாதுகாப்பு கவுன்சில் 2803-ஆம் தீர்மானத்தில் அங்கே ஒரு சர்வதேசப் படைக்கு அனுமதி கொடுத்தது. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. கவுன்சிலின் அனுமதி இருந்தாலும் அது ஐ.நா. தலைமையில் இயங்கும் நீலத் தொப்பிப் படை இல்லை. ஆயுதம் களைவது அதன் வேலைகளில் ஒன்று. ஆயுதம் வைத்திருப்பவர்களின் முழு சம்மதம் இல்லாமல் ஆயுதம் களையப் போன படைக்கு என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்தில் பார்த்தாயிற்று. அங்கே இந்தியச் சிப்பாய் போகக்கூடாது.

வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே நடக்கும் கொடுமைகளைப் பார்த்து, 'இந்தியா போய்த் தட்டிக்கேட்கக் கூடாதா?' என்று மனம் வெந்து கேட்கிறார்கள். அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் மியான்மரும் நமக்குப் பக்கத்துக் குப்பம்தான். படையோடு போனால் அடுத்த யாழ்ப்பாணம். படை இல்லாமல் போக முடியும், போயும் இருக்கிறோம்: 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேயில் நம் ராணுவ மருத்துவர்கள் கள மருத்துவமனை போட்டார்கள்.

கைகளை அனுப்பும் வழி

அங்கிருந்து நேராக ஐந்தாவது வழிக்கு வரலாம். இது புதிய யோசனை இல்லை. நாம் தொடங்கிய இடமே இதுதான்.

1950-இல் கொரியப் போருக்குப் படை அனுப்பச் சொல்லி நெருக்கடி வந்தபோது, சண்டைப் படை தர மாட்டோம், மருத்துவப் பிரிவு தருகிறோம் என்றார் நேரு. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு போனது. மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து காயம்பட்ட சிப்பாய்களையும் ஊர் மக்களையும் பார்த்தது. 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்த மருத்துவக் குழுவில் ரங்கராஜும் இருந்தார். மகா வீர் சக்ரா பெற்றார். அந்தப் பிரிவின் இன்றைய வடிவமான 60 பாரா கள மருத்துவமனைதான் 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு ஓடிப்போய் ஹதாய் மாகாணத்தில் கூடாரம் அடித்தது. காஷ்மீர் விஷயத்தில் துருக்கியோடு நமக்கு உரசல் இருந்த நேரம் அது. அப்படியும் போனார்கள்.

லைபீரியாவுக்கு 2007-இல் இந்தியா அனுப்பியது பெண்கள் மட்டுமே கொண்ட ஆயுதக் காவல் பிரிவு. ஐ.நா. வரலாற்றில் அதுதான் முதல். மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த அந்தப் பெண்கள் தலைநகர் மன்ரோவியாவில் இரவு ரோந்து போனார்கள், அதிபர் அலுவலகத்துக்குக் காவல் நின்றார்கள், பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு சொல்லிக் கொடுத்தார்கள். 2016 வரை சுழற்சி முறையில் இருந்தார்கள். அதே காலத்தில் லைபீரியாவின் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 விழுக்காட்டிலிருந்து 17-க்கு உயர்ந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபே இந்தியப் பெண்களைப் பார்த்துத்தான் எங்கள் பெண்கள் முன்வந்தார்கள் என்று நன்றி சொன்னார். ஒரு பட்டாலியன் எண்ணிக்கையில் இதைவிடப் பெரியதாக இருக்கும். இப்படி ஒன்றை விட்டுவிட்டு வருமா?

தெற்கு சூடானில் இந்தியக் கால்நடை மருத்துவர்கள் மாடு பார்க்கிறார்கள் என்று சொன்னால் சிலருக்கு அது சின்ன விஷயமாகப் படுகிறது. மாடுதான் சொத்து, மாடுதான் சீர், மாட்டுக்காகவே சண்டை நடக்கும் ஊரில் மாட்டைக் காப்பாற்றுகிறவரை எல்லாத் தரப்பும் உள்ளே விடும். அமைதிக்கு அது சுற்று வழி இல்லை, நேர் வழி.

இங்கேதான் அந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் மறித்தார். 'ஆஸ்பத்திரியை யாரு காப்பாத்துவா? டாக்டரை மட்டும் அனுப்பினா மறுநாளே டாக்டரைத் தூக்கிட்டுப் போயிடுவான்.' பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2013 ஏப்ரலில் தெற்கு சூடானில் ஐ.நா. வாகன வரிசைக்குக் காவலாகப் போன ஐந்து இந்திய வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களிடம் உயிரிழந்தார்கள். பாதுகாப்பே இல்லாத இடத்தில் மருத்துவரை விடுவது கொலை. அதனால் ஐந்தாவது வழி முதல் வழியை முழுதாக நீக்கிவிடாது. அளவையும் நிபந்தனைகளையும் மாற்றும்.

என் முடிவு

மருத்துவம், பொறியாளர், காவல், பயிற்சி இவையே இந்தியாவின் முக்கியப் பங்களிப்பாக இருக்கட்டும். காலாட்படை போகலாம், குறைந்த இடங்களுக்கு, நல்ல கருவிகளோடு. எங்கே போகலாம் என்பதற்கு நான் வைக்கும் நிபந்தனைகள் இவை: ஐ.நா. தலைமை இருக்க வேண்டும்; அந்த நாட்டு அரசும் ஆயுதம் வைத்திருக்கும் முக்கியத் தரப்புகளும் சம்மதித்திருக்க வேண்டும்; அது நம் அண்டை நாடாக இருக்கக்கூடாது; பொதுமக்களைக் காக்கத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாமா என்பது உத்தரவில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

அதோடு சாசனத்தின் 44-ஆவது பிரிவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கவுன்சிலில் இல்லாத ஒரு நாட்டின் படையைப் பயன்படுத்தும்போது, அது பற்றிய முடிவுகளில் பங்கேற்க அந்த நாட்டை அழைக்க வேண்டும் என்கிறது அது. இந்தியா இதைப் பல முறை மேடையில் நினைவூட்டியிருக்கிறது. நினைவூட்டினால் மட்டும் போதாது. கலந்து பேசாமல் பணியின் உத்தரவை மாற்றினால் பட்டாலியனைத் திரும்பப் பெறுவோம் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டு அனுப்பலாம். நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, எத்தியோப்பியா ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு இதைக் கேட்டால் கவுன்சில் காது கொடுத்தே ஆக வேண்டும். எட்டாத நிரந்தர இடத்தைவிட, இது கையெட்டும் தூரத்தில் இருக்கும் குரல்.

காலமும் இதற்குத் தோதாக இருக்கிறது. பணத் தட்டுப்பாட்டால் ஒன்பது பணிகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு படையினரைக் குறைப்பதாக ஐ.நா. 2025 அக்டோபரில் அறிவித்தது. படை அனுப்பும் நாடுகளுக்கு ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் என்ற கணக்கில் ஐ.நா. தர வேண்டிய தொகையே வருடக்கணக்கில் பாக்கி நிற்கிறது. பெரிய பட்டாலியன்களின் காலம் எப்படியும் சுருங்குகிறது. 1998 முதல் இந்திய பட்டாலியன் இருக்கும் லெபனான் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடிக்க பாதுகாப்பு கவுன்சில் தீர்மானித்துவிட்டது. அங்கிருந்து திரும்பும் வீரர்களுக்கு ஈடாக இன்னொரு நாட்டுக்கு அதே எண்ணிக்கையில் ஆள் தேட வேண்டாம். அந்தச் செலவில் எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக இரண்டு மூன்று கள மருத்துவமனைகளையும், பாலமும் தண்ணீர்க் குழாயும் போடத் தெரிந்த பொறியாளர் அணிகளையும், லைபீரியாவுக்குப் போனது போன்ற பெண் காவல் பிரிவுகளையும் நிரந்தரமாக நிறுத்தி வைக்கலாம். டெல்லியில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் ஐ.நா. அமைதிப் பணிப் பயிற்சி மையத்தில் ஆப்பிரிக்க நாட்டுக் காவலர்களுக்கும் செவிலியர்களுக்கும் இடங்களைக் கூட்டலாம். வரும் பட்ஜெட்டிலேயே இதற்கு ஒரு தலைப்பு ஒதுக்கச் சொல்லி நம் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுப்பது என்று படிப்பகத்துப் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ராணுவக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ஒவ்வொரு மருத்துவமனையோடும் அதைக் காக்க ஒரு கம்பெனி காலாட்படை. அதையும் சேர்த்தாயிற்று.